எதிர் நாற்காலிக்கு ஓர் ஆள்

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அமலோற்பவம் பிரெயில் தட்டச்சுப் பொறியில் புதுத் தாள் ஒன்றைச் செருகி, உருளையைத் திருகி, ஆறு விசைகளின் மேல் விரல்களை வைத்து 'ஆள் தேவை' என்று அடித்தாள். அடித்துவிட்டு நிறுத்திவிட்டாள். இந்த இரண்டு சொற்களில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் இதற்கு மேல் வருவதெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று ஒரு தயக்கம் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் அச்சக மேனேஜர் பத்ரிநாராயணன் அவள் மேஜைக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அமலம்மா, உங்க எதிர் நாற்காலிக்கு ஆள் எடுக்கணும். என்ன மாதிரி ஆள் வேணும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? கடமை, தகுதி, பண்பு, மூணு தலைப்புல எழுதிக் குடுங்க. பொத்தாம் பொதுவா வேண்டாம். படிச்சா வேலை கண்ணு முன்னால நிக்கணும்." கண் முன்னால் என்று சொன்னபின் அவர் லேசாகக் கனைத்துக்கொண்டார், பிறவியிலேயே பார்வை இல்லாதவளிடம் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று பத்தொன்பது வருஷமாக அவர் கனைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவளும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டிருக்கிறாள். நாலு மணிக்குத் தபால் வண்டி வரும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அறுபத்திரண்டு கட்டுகளாக நடையில் அடுக்கிக் கிடக்கிறது. பார்வையற்றோருக்கான அச்சு என்று மேலே எழுதிவிட்டால் தபால் தலைகூட வேண்டாம், நேரே பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடும், ஜூன் பிறந்ததும் பிள்ளைகள் விரலுக்குக் கீழே இருக்கும். வண்டி கிளம்பிய கையோடு மேனேஜர் மதுரைக்குப் போய்ப் பத்திரிகையில் விளம்பரத்தைக் கொடுத்துவிடுவார். ஆகவே இரண்டும் நாலு மணிக்கு. கட்டுகளும் அவள் எழுதுகிற இந்தத் தாளும். கட்டுகளை நினைத்ததும் அவள் அவசரமாக 'கடமை' என்று அடித்தாள்.

கடமை சுலபம். அச்சுப் புத்தகத்தைக் கணினியில் அடிப்பார்கள், அது புள்ளிகளாக மாறித் தடித்த தாளில் மேடு மேடாகக் குத்தப்பட்டு வரும், அந்தத் தாளை அமலோற்பவம் விரலால் தடவி உரக்கப் படிப்பாள், எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இரண்டும் ஒன்றாக இல்லாத இடத்தில் "நில்லுங்க" என்பார். பக்கம் முடிந்தால் "சரி" என்பார். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது சரி, நல்ல நாளாக இருந்தால் ஐம்பது. வாக்கியத்தில் சொல் விட்டுப்போனால் அவளே பிடித்துவிடுவாள், வாக்கியம் நொண்டும். எண் நொண்டாது. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தால் அதுவும் ஒழுங்கான எண்தான், விரலுக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி முழுதாக விடுபட்டால் மேலும் கீழும் அழகாகப் பொருந்திவிடும். அதனால்தான் எதிர் நாற்காலி. அவள் அடித்தாள்: 'ஒருவர் விரலால் படிப்பதைக் காதால் கேட்டு, அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு வந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.' வரி முடிகிற மணி 'டிங்' என்று அடித்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. படிக்கிறவனுக்கு வேலை புரியும். ஆனால் வேல்மயில் அண்ணன் குரல் அதற்குள் வந்துவிட்டது, வெற்றிலை போட்ட குரல், வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற குரல். மூன்று வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். போன மாதம், "பேரன் பொறந்திருக்கான் தங்கச்சி, ஈரோட்டுல மக வீட்டோட இருக்கப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் வந்த முதல் நாள், பழைய விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் படித்துக் காட்டினார்: நல்ல கண்பார்வையும் பொறுமையும் உள்ள பட்டதாரி தேவை. "இந்த ஆபீஸ்ல என் ஒருத்தன்கிட்டதான் இந்தத் தகுதியக் கேட்டிருக்காங்க போல, தங்கச்சி." அவள் சிரித்த சிரிப்பில் அட்டை ஒட்டுகிற பிரிவிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். அதற்கு முன்னால் பதினோரு மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்தப் பதினோரு மாதமும் அவளைத் தாள் எண்ணச் சொல்லியிருந்தார்கள். நூறு நூறாக எண்ணி, தட்டி, ரப்பர் வளையம் போடுவது. மேனேஜர் ஒருநாள், "கம்ப்யூட்டரே பிழை பாத்துக்கும்னு சொல்றாங்கம்மா, இனிமே ரெண்டு ஆள் எதுக்குன்னு டிரஸ்டிங்க கேக்குறாங்க" என்றார். நாற்பத்தேழு வயதில் இன்னொரு முறை தாள் எண்ணுவது என்றால், நூறு, தட்டு, வளையம், நூறு, தட்டு, வளையம். வேண்டாம். அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

பண்பு. 'பொறுமை' என்று அடித்துவிட்டு நகத்தால் அந்தப் புள்ளிகளை அழுத்தித் தேய்த்தாள். பொறுமை எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. பொறுமை இல்லாதவன் எவனும் அதைப் படித்து, ஐயோ நமக்கில்லை என்று ஒதுங்கிப் போவதில்லை. 'நேர்மை' என்று அடித்தாள். அதையும் தேய்த்தாள். தேய்த்தாலும் பிரெயில் முழுசாக அழிவதில்லை, மேடு போய் ஒரு சொரசொரப்பு மிஞ்சும், தடவினால் இங்கே ஏதோ இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். அந்தச் சொரசொரப்பில் விரலை வைத்தபடி அவள் மார்ச் மாதத்து அந்த மாலையில் போய் நின்றாள். காலையில் கணக்கு, மாலையில் சமூக அறிவியல் என்று இரண்டு புத்தகம் ஓடிக்கொண்டிருந்த சமயம். கொஞ்ச நாளாகவே அண்ணனிடமிருந்து "நில்லுங்க" வரவில்லை. சரி, சரி, சரி. ஒரு வாரத்துக்கு ஒரு பிழைகூட இல்லாமல் கணினியில் அடிக்கிறவர்கள் திருந்திவிட்டார்களா என்ன? அன்றைக்கு அவள் தாளில் இல்லாததைப் படித்தாள். குடகு மலையில் பிறக்கும் காவிரி தூத்துக்குடிக்கு அருகே கடலில் கலக்கிறது. குரலை மாற்றாமல், வேகத்தைக் குறைக்காமல், மற்ற வரிகளோடு வரியாக. பக்கம் முடிந்தது. எதிரே மூச்சு நின்ற மாதிரி ஒரு அமைதி. பிறகு, "சரி." மறுநாள் ஒரு மன்னனை நூறு வருஷம் பின்னால் தள்ளினாள். சரி. மூன்றாம் நாள் ஒரு மலையை அரையாகக் குறைத்தாள். நீண்ட நேரம் கழித்து, சரி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சமூக அறிவியல் இன்னும் அச்சேறவில்லை, திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் கணக்கை எடுத்து வழக்கம் போலப் படித்தாள், அவர் வழக்கம் போலச் சரி என்றார், இப்படி ஒரு மாதம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். சோம்பேறி என்று நினைத்தாள். நினைத்தும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் அவர் போய்விடுவார், போனால் நாற்காலி காலி, காலியானால் நூறு, தட்டு, வளையம்.

"அக்கா, ஆச்சா?" ஜன்னத்தின் வளையல் சத்தம் கதவருகே கேட்டது. கணினியில் அடிக்கிற பெண், அமலோற்பவம் சொல்லச் சொல்ல விளம்பரத்தைத் தட்டச்சு செய்யப் போகிறவள் அவள்தான். "மூணே முக்காலுக்குள்ள குடுத்தாத்தான் நான் பிரிண்ட் எடுக்க முடியும். இவ்வளவு யோசிக்கிறீங்களே, ஆள் எடுக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளைன்னா நல்ல குணம்னு ரெண்டு வார்த்தை போட்டு முடிச்சிருப்பேன்டி."

"அது சரி. எட்டு மணி நேரம் எதிர்ல உக்காரப் போற ஆளு. மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் உக்கார மாட்டான்." சிரித்துக்கொண்டே போனவள் நடையில் ஏதோ இடித்துக்கொண்டாள். "அல்லா, இந்தக் கட்டுங்க வேற."

இந்தக் கட்டுங்க வேற. அமலோற்பவம் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். அடியில் ஒரு தாள் கிடக்கும், எடுக்க வேண்டியதில்லை, மேலே கை வைத்தாலே போதும். பல வருஷத்துக்கு முன், வேல்மயில் வருவதற்கெல்லாம் முன்னால், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பிரெயிலில் குத்தி அனுப்பிய கடிதம். அக்கா, மூன்றாம் பயிற்சியில் ஏழாவது கணக்குக்கு விடை வரவே இல்லை, மூன்று நாள் போட்டுப் பார்த்தேன், நான்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன், இப்போது டீச்சர் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அதில் வேறு எண் இருக்கிறது என்கிறார். ஒரு எண். ஒரே ஒரு எண் மாறியதற்கு ஒரு குழந்தை மூன்று நாள் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டது. பார்வை உள்ள பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்க்கும். இவர்களுக்குப் பக்கத்தில் இருப்பதும் இதே அச்சகத்துப் புத்தகம்தான், அதிலும் அதே தவறுதான். நடையில் இருக்கிற அறுபத்திரண்டு கட்டுகளுக்குள் எத்தனை ஏழு எட்டாகியிருக்கிறது? ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அடித்தவர்கள் கவனமாக அடித்திருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்றுதான் ஒரு மாதமாக அந்தக் கட்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள், காலையில் ஒருதரம், சாப்பாட்டுக்கு ஒருதரம், மாலையில் ஒருதரம். இழுப்பறையை மூடினாள். சன்னல் வழியாகத் தோல் பதனிடும் இடத்து நாற்றம் வெயிலோடு வந்தது. திண்டுக்கல்லில் காற்று தெற்கே திரும்பினால் மணி மூன்று என்று அர்த்தம்.

தகுதி. இதை மட்டும் முடித்துவிட்டால் போதும். பட்டப்படிப்பு, தமிழில் நல்ல தேர்ச்சி. அப்புறம் பழைய விளம்பரத்தில் இருந்தது இருக்கட்டும். 'நல்ல கண்பார்வை' என்று அடித்தாள். அடித்த பிறகு உருளையைத் தூக்கி அந்தச் சொற்களை ஒருதரம் தடவினாள், பழக்கம், எதை அடித்தாலும் தடவிப் பார்த்துவிடுவது. இரண்டாம் தரம் தடவினாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது. நல்ல கண்பார்வை. பொங்கலுக்கு முன்னாலெல்லாம் அண்ணன் மத்தியானம் அவளுக்குச் செய்தித்தாள் படிப்பார், எந்த மூலையில் எந்தச் சண்டை என்று ஒன்று விடமாட்டார். பொங்கல் கழிந்து, "பேப்பர்ல என்ன இருக்கு, ஜன்னத் நீ படிம்மா, உனக்குக் குரல் நல்லாருக்கு" என்றார். ஜனவரியில்தான் மேஜையைச் சன்னல் ஓரம் இழுத்துப் போட்டார், காற்று வரும் என்று. காற்றா வந்தது, இந்த நாற்றம்தான் வந்தது, அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. காற்றுக்கு இல்லை. வெளிச்சத்துக்கு. அவள் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடையில் ஒரு சத்தம் கேட்கும், சுவரை விரல் நுனி உரசிக்கொண்டே வருகிற சத்தம், அட்டைப் பிரிவில் புதிதாக யாரோ பார்வையற்றவர் சேர்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அந்த உரசலோடு கூடவே அண்ணனுடைய தோல் செருப்பின் சத்தமும் வந்தது. இரண்டையும் தனித்தனியாக எத்தனை நாள் கேட்டிருக்கிறாள், சேர்த்துக் கேட்க ஏன் தோன்றவில்லை? ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "கேட்டுல இருந்து நம்ம ரூமுக்கு உனக்கு எத்தனை எட்டு, தங்கச்சி?" என்று கேட்டார். முப்பத்தி நாலு என்றாள். "எனக்கு முப்பத்தி ஒண்ணு." உங்களுக்குக் கால் நீளம்ணே என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, கண் தெரிகிற மனுஷன் எதற்கு எட்டு எண்ணுகிறான் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. அவளுக்கு எண்ணுவது அவ்வளவு இயல்பு, எல்லாரும் எண்ணித்தான் நடக்கிறார்கள் என்பது போல. ஊரில் வேறு யாரிடம் அவர் அதைக் கேட்டிருந்தாலும் அந்த நிமிஷமே பிடித்திருப்பார்கள். ஏப்ரலில், "இதுல 'ம' எது, காட்டு" என்று அவர் விரலைத் தாளில் கொண்டுவந்து வைத்ததும், பொழுது போகாமல் விளையாடுகிறார் என்று நினைத்ததும். பெரிய விரல், புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்த விரல். வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் காவிரி தூத்துக்குடிக்குப் போனதைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டான், அவனுக்கு மூச்சு ஏன் நிற்கப் போகிறது? கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்து, அதில் ஒன்றும் தெரியாமல், சரி என்று சொல்லியிருக்கிறார். பயந்துபோய் ஒருவர் சரி என்றார். பயந்துபோய் ஒருத்தி அதை ஏற்றுக்கொண்டாள். எதிரெதிரே.

கைப்பேசியில் அவருடைய எண்ணை அழுத்தும்போது விரல் இரண்டு தரம் தப்பியது. எப்போது கூப்பிட்டாலும் முதல் மணிக்கே திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, "சொல்லு தங்கச்சி" என்பார். இன்றைக்கு ஆறு தரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"யாரு?"

"நான்தாண்ணே, அமலு."

"அடடே, தங்கச்சி! சாப்பிட்டியா? என்ன சத்தமே காணோம், புது ஆள் வந்து என்னைய மறந்துட்டியா?"

"ஆள் இன்னும் எடுக்கல. அதுக்குத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அண்ணே, கணக்குப் புத்தகத்துல எந்தப் பக்கம் வரைக்கும் உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சது?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. குழந்தை ஒன்று சிணுங்கியது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"காவிரியத் தூத்துக்குடிக்குத் திருப்பி விட்டியே, அன்னைக்கே நினைச்சேன், நீ கண்டுபிடிச்சிட்டன்னு," என்றார். சிரிப்பு ஒட்டாத குரல். "நிறுத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நிறுத்தினா, அச்சுல என்ன இருக்கு படிங்கன்னு கேப்ப. என்னத்தப் படிப்பேன்?"

"சக்கரையா?"

"ம். கண்ணுக்குள்ள ஊசி போடுறாங்க. ஒரு கண்ணு கொஞ்சம் மிஞ்சுமாம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே. எங்கிட்டக்கூடவா?"

"உங்கிட்டதான் தாயி சொல்லியிருக்கணும். அதான் முடியல. வேற யாருகிட்டச் சொன்னாலும் ஐயோ பாவம்னு சொல்லுவாங்க, பரவால்லன்னு தேத்துவாங்க. நீ அப்படிச் சொல்ல மாட்ட. சரி, இப்பவே எட்டு எண்ணிப் பழகுங்கண்ணேன்னு சொல்லுவ. அதக் கேட்டுட்டா அப்புறம் அது நெசமாயிரும்ல?"

அவர் சொன்னது சரி, அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"எண்பத்தி ஒண்ணு," என்றார் திடீரென்று. "அச்சுப் புத்தகத்துல எண்பத்தி ஒண்ணாம் பக்கம். அதுல கீழ ஒரு படம் இருக்கும், கோபுரமும் அதோட நிழலும். நிழலுக்குப் பக்கத்துல ஒரு எண்ணு. அது தெரியல. எல்லாரும் சாப்பிடப் போனப்ப மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போயி வெயில்ல வச்சுப் பாத்தேன். தெரியல. அதுக்கு முன்னால இருக்கறது எல்லாம் பாத்து வச்சதுதான் தங்கச்சி, என் பேரன் மேல ஆணையா. அதுக்குப் பின்னால ஒண்ணும் நான் பாக்கல."

"அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார் பிறகு.

"இல்ல."

அவர் அழுகிறாரா மூக்கைச் சிந்துகிறாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். எண்பத்தொன்று என்றால் பிரெயிலில் இரண்டாம் தொகுதியின் நடுப்பக்கம். ஐந்து தொகுதிகளில் முதல் தொகுதி முழுக்க ஒரு நல்ல கண் பார்த்தது. அதை அனுப்பலாம், பிள்ளைகளுக்கு ஜூனிலும் ஜூலையிலும் அது போதும். மீதி நாலும் நிற்க வேண்டும், யாராவது எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து கேட்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எப்போது தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வழவழவென்று எவ்வளவு எளிதாக வந்தது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. 'நல்ல கண்பார்வை' என்ற இடத்தை நகத்தால் தேய்த்தாள், நன்றாக, தாள் மெலிகிற வரைக்கும். அதன் கீழே அடித்தாள்: 'பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால், எதிரே இருப்பவர் சங்கடப்படுவாரே என்று பேசாமல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் முடியும் என்றால் விண்ணப்பிக்கலாம்.' மணி அடித்தது. தாளை உருவிக்கொண்டு எழுந்தாள். நடையில் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள், சணல் கயிறு, முடிச்சு, சணல் கயிறு, முடிச்சு. வாசலில் தபால் வண்டி பின்னுக்கு வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மேனேஜர் பையை மூடிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, குடுங்க. ஜன்னத் அடிச்சிட்டாளா?"

"இல்ல சார். அதுக்கு முன்னால ஒண்ணு. கணக்குல முதல் தொகுதிய மட்டும் வண்டியில ஏத்தச் சொல்லுங்க. மத்த நாலும் போகக் கூடாது. ரெண்டாவது தொகுதி பாதியில இருந்து அச்சோட ஒப்பிட்டுப் பாக்கல."

பையின் ஜிப் பாதியில் நின்றது. "பாக்கலன்னா? வேல்மயில் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அவர் ஏன் பாக்கலங்கறத அவர்தான் சொல்லணும் சார். பாக்கலங்கறது எனக்குத் தெரியும்."

"எப்ப தெரியும்?"

வெளியே வண்டிக்காரர் ஆரன் அடித்தார். இன்றைக்கு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"மார்ச்ல," என்றாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை கனைத்துக்கொள்ளவில்லை. "மார்ச்ல தெரிஞ்சத இப்ப வந்து சொல்றீங்க. வண்டி வாசல்ல நிக்கிறப்ப. ரெண்டு மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கம்மா?"

அமலோற்பவம் கையில் இருந்த தாளை மேஜையின் விளிம்பைத் தடவி அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த வேலைக்கு என்ன தகுதி வேணும்னு எழுதித் தரச் சொன்னீங்க சார். எழுதினேன். எழுதி முடிச்சுத் தடவிப் பாத்தா, அது எனக்கே இல்ல."

மேனேஜர் தாளை எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. அவருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாதே. நாற்காலி பின்னுக்குப் போனது, அவர் எழுந்து வாசல் பக்கம் போனார், "முதல் தொகுதி மட்டும் ஏத்துப்பா, மத்தது இங்கயே இருக்கட்டும்" என்று வெயிலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.